சொல் விளக்கம்: சுங் ஷுவான் – ஈரடுக்கு ஆழம்

சுங் ஷுவான் என்பது சீனத் தாவோ சமய உரைமரபுக்குரிய கலைச்சொல். இதற்குத் தெளிவான வடிவம் தந்தவர்களில் முதன்மையானவர் 7-ஆம் நூற்றாண்டுத் தாவோ குரு செங் ஷுவான்யிங். 631-இல் தாங் பேரரசர் தாய்சுங் அவரைத் தலைநகர் சாங்ஆனுக்கு வரவழைத்தார். தாவோ சமயத்தின் மூலநூலான தாவோ தே ஜிங்குக்கு உரையும், மற்றொரு மூலநூலான சுவாங்சிக்கு முந்தைய உரையாசிரியர் குவோ சியாங் எழுதிய உரைக்கு மேலுரையும் செய்தவர் அவர்.

'ஷுவான்' என்றால் எட்டாத் தொலைவு, அதாவது ஆழம். செம்மை கலந்த கருமையையும் குறிக்கும். கி.பி. 100-ஐ ஒட்டித் தொகுத்த ஷுவோவென் அகராதி இந்த இரண்டையும் தருகிறது. 'சுங்' என்றால் அடுக்கு, மறுபடியும். இதே எழுத்தை 'ஜுங்' என்று வாசித்தால் 'கனமான' என்று பொருள் மாறிவிடும். புதிதாகப் படிப்பவர்கள் வழுக்குவது இங்கேதான்.

சொல்லின் வேர் தாவோ தே ஜிங் முதல் அதிகாரத்தின் முடிவில் இருக்கிறது: "ஆழம், அதனினும் ஆழம், நுட்பங்கள் அனைத்துக்கும் வாயில்." இதைப் புகழ்ச்சி அடுக்காக வாசித்துக் கடந்துவிடலாம். செங் அப்படிக் கடக்கவில்லை. ஆசை உள்ளவன் 'உண்டு' என்பதில் சிக்குகிறான். ஆசை விட்டவன் 'இல்லை' என்பதில் சிக்குகிறான். முதல் 'ஷுவான்' இந்த இரு பிடிகளையும் விடுவிக்கிறது. ஆனால் பயில்பவன் அந்த விடுதலையையே பிடித்துக்கொள்ளக்கூடும். அந்தப் பின்நோயை நீக்கவே இரண்டாவது 'ஷுவான்'. சிக்கலில் சிக்காமல் இருந்தால் போதாது, சிக்காமையிலும் சிக்கக் கூடாது என்கிறார். முதற்படியிலேயே நின்றுவிட்டால் 'நடுநிலை' என்பதே புதிய பற்றாகிவிடும்.

இதை, 'உண்டு', 'இல்லை' என்ற இரு முனைகளையும் மறுக்கும் பௌத்தத் தத்துவ மரபான மாத்தியமிகத்தின் நகல் என்று ஒதுக்குவது சரியல்ல. அதன் தருக்கம் செங்கின் உரையில் ஆழமாக ஊறியிருப்பது உண்மை. ஆனால் 312-இல் மறைந்த குவோ சியாங்கே, சரி தவறு என்ற பிரிவை நீக்கு, பிறகு அந்த நீக்கத்தையும் நீக்கு என்று எழுதிவிட்டார். செங் வரிவரியாக மேலுரை செய்தது அந்த உரைக்குத்தான்.

தமிழில் 'இரட்டை மர்மம்' என்பது பொருந்தாது. இங்கே இருப்பது அருகருகே நிற்கும் இரண்டு புதிர்கள் அல்ல, ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் கழித்தல். 'இருமை' அதைவிட மோசம். இச்சொல் எதை மறுக்கிறதோ அதையே சொல்லிவிடும். 'மறை' என்றால் வேதம் நினைவுக்கு வரும். 'ஈரடுக்கு ஆழம்' தகும்: 'சுங்' தரும் அடுக்கும் 'ஷுவான்' தரும் ஆழமும் இரண்டும் நிற்கின்றன.

'ஈரடுக்கு ஆழப் பிரிவு' என்று எழுதுவதையும் தவிர்க்கலாம். 901-இல் தாவோ அறிஞர் தூ குவாங்திங் இவ்வழியில் உரை செய்தவர்களைப் பட்டியலிட்டபோது செங்கையும் சேர்த்தார். அவர் வகைப்படுத்தியது உரை நோக்கை, தனி அமைப்பை அல்ல. 'உரைமரபு' என்பதே சரி. சிங் அரசமரபுக் காலப் பதிப்புகளைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அம்மரபின் காங்ஷி பேரரசரின் இயற்பெயரில் 'ஷுவான்' இருந்ததால், பேரரசர் பெயரெழுத்தை எழுதக் கூடாது என்ற வழக்கப்படி அந்த எழுத்தை விலக்கி 'யுவான்' என்று அச்சிட்டார்கள். அங்கே இச்சொல் 'சுங் யுவான்' என்றும், உரையாசிரியர் பெயர் 'செங் யுவான்யிங்' என்றும் இருக்கும்.