தோள் இறங்கும்போது உடம்பில் என்ன நடக்கிறது?

என் சின்னம்மா திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். இருபது வருஷத்துக்கு மேல் அதே வேலை, சீசன் வந்தால் ஒன்றரை ஷிப்ட். சித்தப்பா தவறிய பிறகு "மேலெல்லாம் நோவுது சாமி" என்று சொல்லத் தொடங்கினார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று. எதிலும் ஒன்றுமில்லை. "எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிட்டார்கள். வலியே இல்லாமல் நடிப்பதாகச் சொல்லிவிட்டார்களே என்று அவருக்கு அழுகை. எங்கள் கொங்குப் பக்கம் உடம்பை 'மேலு' என்போம். துக்கம் வந்தாலும் மேலுக்குத்தான் சரியில்லை என்போம். அந்தப் பேச்சில் நிறைய உண்மை இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வெங்காயம் அரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருந்தன. மூச்சை அடக்கி, நாலு வெட்டு வெட்டி, அப்புறம் விட்டார். எதிரே மெஷின் இல்லை, உடம்பு மட்டும் இன்னும் மெஷினில் உட்கார்ந்திருந்தது.

கோவையில் ஒரு ஆலோசகரிடம் கூட்டிப் போனேன். ஒருவர் அசைவதைப் பார்த்தே அவர் மனநிலையைப் புரிந்துகொள்ளப் பயிற்சி பெற்றவர். உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே, "அந்தச் சன்னல் வரைக்கும் நடந்துட்டு வாங்கம்மா" என்றார். என்ன பார்த்தீர்கள் என்று பிற்பாடு கேட்டபோதுதான் ருடால்ஃப் லாபான் என்ற பெயர் எனக்குத் தெரியவந்தது.

லாபான் (1879–1958) நடனக்காரர். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் இங்கிலாந்துத் தொழிற்சாலைகளில் ஆட்கள் வேலை செய்வதை உட்கார்ந்து கவனித்தார். ஆண்கள் போருக்குப் போய்விட, கனமான வேலைகள் பெண்கள் தலையில் விழுந்திருந்த காலம். வெறும் கைபலத்தில் தூக்காமல், வீசும் வேகத்தையே துணைக்கு வைத்துத் தூக்க அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த அனுபவத்தை மான்செஸ்டரைச் சேர்ந்த நிர்வாக ஆலோசகர் லாரன்ஸோடு சேர்ந்து 1947-இல் புத்தகமாகவும் எழுதினார். இன்றைக்குச் சிகிச்சையறையில் பயன்படும் ஒரு அளவுகோல் தொழிற்சாலைத் தளத்தில் கூர்மையானது என்பது, திருப்பூர்க்காரனான எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

என்ன அசைவு என்பதை விட, எப்படிப்பட்ட அசைவு என்பதைத்தான் லாபான் பார்த்தார். எடை, இடம், நேரம், ஓட்டம் என்று நாலு கேள்விகள். அழுத்தமா மென்மையா? ஒரே குறியா, நாலாபக்கமும் பரந்ததா? வெடுக்கென்றா நிதானமாகவா? பிடித்துவைத்ததா, விட்டுவிட்டதா? கதவைச் சாத்துவது ஒரே செயல்தான். கோபத்தில் சாத்துவதும் தொட்டில் குழந்தை விழித்துவிடாமல் சாத்துவதும் இந்த நாலிலும் வேறு வேறு. ஓவர்லாக்கில் துணியைத் தள்ளுவது ஒரே குறி, வெடுக்கென்ற வேகம், பிடித்துவைத்த ஓட்டம். அந்த வேலைக்கு அது சரிதான். சின்னம்மா நடப்பதும் சாப்பிடுவதும் படுப்பதும்கூட அதே குணத்தில் இருந்தன. இது நல்ல அசைவு, இது கெட்ட அசைவு என்று ஆலோசகர் பிரிக்கவில்லை. எத்தனை விதம் கைவசம் இருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்றுதான் பார்த்தார்.

நடையில் மனம் தெரியும் என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் யோஹன்னஸ் மிஹாலாக்கும் சக ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்கள் மெதுவாக நடந்தார்கள், கைவீச்சு குறைந்திருந்தது, பக்கவாட்டு ஆட்டம் கூடியிருந்தது. 2015-இல் மிஹாலாக்கும் இன்னும் சிலரும் அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். டிரெட்மில்லில் நடப்பவர்களை, எதற்கென்று தெரியாமலேயே, சோர்ந்த நடைக்கோ உற்சாக நடைக்கோ மாறவைத்தார்கள். சோர்ந்த நடை நடந்தவர்களுக்கு, கேட்ட சொற்களில் கசப்பானவை மற்றவர்களைவிட அதிகம் நினைவில் நின்றன. அப்படியானால் உடம்பிலிருந்து மனத்துக்கும் பாதை இருக்கிறது.

அந்தப் பாதை எது? தசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளந்து மூளைக்கு ஓயாமல் தகவல் அனுப்பும் நுண்ணிய உணரிகள் தசைக்குள்ளேயே இருக்கின்றன. நெஞ்சுத் துடிப்பு, மூச்சு, வயிற்றின் இறுக்கம் போன்ற உள்செய்திகள் மூளையில் இன்சுலா என்ற பகுதிக்கு வருகின்றன, பயமும் நிம்மதியும் உருவாவதில் அதற்குப் பங்குண்டு. மூச்சை நிதானமாக வெளியே விடும்போது வேகஸ் நரம்பு வழியாக இதயத்துடிப்பு சற்றுக் குறைகிறது. சின்னம்மா மாதிரி மூச்சை அடக்கியே வாழ்ந்தால் அந்தத் தணிப்பு சரியாகக் கிடைப்பதில்லை.

சரி, தோளை இறக்குங்கள் என்று சொன்னால் போதாதா? போதாது. ஏறியிருப்பதே அவருக்குத் தெரியவில்லையே. வருஷக்கணக்காக மாறாத தகவலை மூளை கவனிப்பதை விட்டுவிடுகிறது. உடம்பை உள்ளிருந்து உணர்ந்து அசைவை மாற்றப் பழக்கும் இந்தத் துறைக்கு 1976-இல் 'சோமாட்டிக்ஸ்' என்று பெயர் வைத்த தாமஸ் ஹன்னா இதை உணர்வு மறதி என்றே பார்த்தார். அதனால் ஆலோசகர் தலைகீழாகத் தொடங்கினார். மல்லாந்து படுக்கவைத்து, தோளை வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொல்லி, அப்புறம் நூல் நூலாக இறக்கச் சொன்னார். தூங்கி எழுந்த பூனை சோம்பல் முறிப்பது போலத்தான்.

ஏன் இவ்வளவு மெதுவாக? தலையில் ஒரு கூடை தேங்காய் இருக்கும்போது மேலே ஒரு எலுமிச்சம்பழம் வைத்தால் தெரியாது, வெறும் உள்ளங்கையில் வைத்தால் தெரியும். எர்ன்ஸ்ட் வெபர் 19-ஆம் நூற்றாண்டில் கண்டறிந்த விதி இது: ஏற்கெனவே உள்ள சுமை கூடக்கூட, சின்ன மாற்றம் புலப்படாது. முயற்சியைக் குறைத்தால்தான் உடம்பின் எலுமிச்சம்பழங்கள் தெரியவரும்.

ஆலோசகர் இன்னொன்றும் சொன்னார், ஊரில் கும்மிக்குப் போகச் சொல்லி. கொங்கு ஊர்களில் இப்போது சாயங்காலமானால் வள்ளி கும்மிப் பயிற்சி நடக்கிறது. இதில் பெண்களையும் சேர்த்துப் பயிற்றுவித்த மேட்டுப்பாளையம் பத்திரப்பன் அவர்களுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. குனிந்து, நிமிர்ந்து, திரும்பி, கைவீசித் தட்டும்போது சின்னம்மாவிடம் காணாமல் போன 'விட்டுவிட்ட ஓட்டம்' திரும்ப வருகிறது. பாடிக்கொண்டே ஆடுவதால் மூச்சை அடக்கவும் முடியாது. அமெரிக்காவில் மேரியன் சேஸ் 1942-இல் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் தொடங்கிய நடன சிகிச்சையிலும் கும்மி போல வட்டமாக நின்று ஆடுவது உண்டு. நோயாளியின் அசைவை எடுத்து, அதையே திருப்பி ஆடிக்காட்டி, "உன்னைப் பார்த்துவிட்டேன்" என்று சொல்லாமல் சொல்வது அவர் முறை. கும்மியைச் சிகிச்சை என்று நான் சொல்லமாட்டேன். சிகிச்சையில் ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்கிறார், அந்த வேறுபாடு பெரியது.

நடன சிகிச்சைக்குச் சான்று இன்னும் மெலிவுதான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு மனச்சோர்வு குறித்து 2015-இல் வெளியிட்ட மதிப்பாய்வில் தேறியவை 3 ஆய்வுகள், மொத்தம் 147 பேர். அதை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. எனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் இதை நம்பி அதை நிறுத்தக் கூடாது. சின்னம்மாவும் நிறுத்தவில்லை.

வலி முழுசாகப் போகவில்லை. போன வாரம் போனில் பேசினார். "பண்டல் மாத்தறப்போ தோளு மேல ஏறி நிக்கறது எனக்கே தெரியுது சாமி. எறக்கி விட்டுட்டு, அடுத்த பண்டல எடுக்கறேன்."