ஏர்லிஃப்ட்: வான்வழிப் போக்குவரத்தா, வான்பாலமா?

சாலை, கடல் வழிகள் அடைபட்டுவிட்ட நிலையிலோ அவற்றுக்குக் காத்திருக்க நேரமில்லாத நிலையிலோ, ஆட்களையும் பொருள்களையும் விமானங்களிலும் ஹெலிகாப்டர்களிலும் ஏற்றிச் சென்று சேர்க்கும் ஒழுங்கமைந்த பணியை ‘ஏர்லிஃப்ட்’ என்கிறார்கள். இதன் பிற்பாதியான ‘லிஃப்ட்’ பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. காற்று, வானம் என்னும் பொருள்களைத் தரும் ‘லோப்ட்’ என்ற சொல்லோடு அதற்கு உறவு உண்டு. ஆகவே ஒரே சொல்லுக்குள் காற்று இருமுறை வீசுகிறது எனலாம்.

சோவியத் ஒன்றியம் 1948 ஜூனில் மேற்கு பெர்லினுக்கான தரைவழிகளை அடைத்தபோது, அமெரிக்காவும் பிரிட்டனும் நிலக்கரி முதல் மாவு வரை அனைத்தையும் 1949 செப்டம்பர் வரை விமானங்களில் கொண்டுசேர்த்தன. அந்தப் பணியே இச்சொல்லை உலகறியச் செய்தது. ஜெர்மானியர் அதற்கு இட்ட பெயர் ‘லுஃப்ட்புரூக்கெ’, அதாவது ‘வான்பாலம்’. அழகான சொல்தான், ஆனால் விமானங்கள் நாள்தோறும் இடைவிடாது சென்றுவரும் நீண்ட பணிக்கு மட்டுமே அது பொருந்தும். இரண்டொரு விமானங்கள் சில நாள் பறந்ததை வான்பாலம் என்பது மிகை.

ஏர்லிஃப்ட்டுக்குத் தமிழில் வழங்கும் ‘வான்வழிப் போக்குவரத்து’ என்பதைச் சிலர் அலுவலகச் சொல் என்று ஒதுக்குகின்றனர். எனக்கு அது பேரிடர்ப் பணிக்கு மிக நெருக்கமான சொல்லாகவே படுகிறது, ஏனெனில் போக்கும் வரத்தும் அதில் சேர்ந்தே உள்ளன. 2018 செப்டம்பரில் இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவிலுள்ள பாலு நகரை நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கியபின், சிங்கப்பூர் ஆகாயப் படையின் இரண்டு சி-130 சரக்கு விமானங்கள் நிவாரணப் பொருள்களைக் கொண்டுசென்றதோடு, பொதுமக்களை அங்கிருந்து வெளியேற்றவும் உதவின. (தமிழ்நாட்டில் ‘விமானப்படை’ எனப்படுவதைச் சிங்கப்பூரில் ‘ஆகாயப் படை’ என்றே எழுதுவது வழக்கம்.) அகலமான பின்கதவுச் சரிவுப்பாதை வழியாகச் சரக்கை விரைவாக ஏற்றி இறக்கலாம் என்பதாலும், குறுகிய, செப்பனிடாத ஓடுபாதையில்கூட இறங்க முடியும் என்பதாலும் இத்தகைய பணிக்கு முதலில் நினைவுக்கு வருவது சி-130தான்.

ஓடுபாதையே இல்லாத இடத்தில் ஹெலிகாப்டர்தான் கைகொடுக்கும். 2004 டிசம்பர் சுனாமிக்குப்பின், இந்தோனேசியாவின் ஆச்சே மாநில மேற்குக் கரையிலுள்ள மெலாபோவுக்குச் சிங்கப்பூர் ஆயுதப் படை சினூக் ஹெலிகாப்டர்களை அனுப்பியது. டெக்சஸில் பயிற்சிக்காக நிறுத்தப்பட்டிருந்த சிங்கப்பூர் சினூக்குகள் 2005இல் கத்ரீனா சூறாவளியின்போதும் நிவாரணத்தில் இறங்கின.

‘ஏர்லிஃப்ட் சப்போர்ட்’ என்பதை ‘வான்வழி ஆதரவு’ என்று பெயர்த்தால், போர்முனையில் வானிலிருந்து குண்டுவீசித் துணைநிற்பதாகப் பொருள் மயங்கும். ‘வான்வழிப் போக்குவரத்து உதவி’ என்பதே தெளிவு. ‘ஏர்டிராப்’ வேறு: 2024 மார்ச்சில் சிங்கப்பூரின் சி-130 ஒன்று ஜோர்தானிலிருந்து புறப்பட்டுக் காஸாவுக்கு உதவிப் பொருள்களைத் தரையிறங்காமல் வான்குடை வழியே இறக்கியது. அதை ‘வான்வழி இறக்கல்’ எனத் தனியே குறிக்க வேண்டும்.