நான்காம் நாள் சி.ஆர்.பி. என்ன சொல்கிறது?

சென்னை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோய் பல காலமாக முன்வரிசையில் இருக்கிறது. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டிலும் சென்ட்ரல் எதிரே உள்ள ஜி.எச்.சிலும் ஆபரேஷன் முடிந்து, "கட்டியை எடுத்தாச்சு" என்று டாக்டர் சொன்னதும் வீட்டாருக்குப் போன உயிர் திரும்பி வரும். ஆனால் உள்ளே போட்ட தையல் கசிந்து தொற்று வந்துவிடுமோ என்று டாக்டர்களுக்கு அடுத்த ஒரு வாரம் முழுக்கக் கவலைதான்.

குடலுக்குள் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. இரைப்பையானாலும் குடலானாலும், கட்டி இருந்த பகுதியை வெட்டிவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்கிறார்கள். தைத்த இடத்துக்கு ரத்த ஓட்டம் சரியாகக் கிடைக்காவிட்டால் ஆறாது, கசியும். வயிற்றுக்குள் சீழ் பிடிக்கும். பல நேரம் இது வெளியே தெரியவே ஐந்தாறு நாள் ஆகிவிடும். காய்ச்சலை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்றால், முதல் இரண்டு நாள் காய்ச்சல் பெரும்பாலும் ஆபரேஷனால் வருவது. வெள்ளையணுக்களும் அப்படியே, கிருமி இல்லாமலேயே கூடும்.

இங்கேதான் சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரோட்டீன்) என்ற ரத்தப் பரிசோதனை கைகொடுக்கிறது. 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்ட புரதம் இது. உடம்பில் எங்காவது திசு காயப்பட்டால் இன்டர்லூகின்-6 என்ற வேதிப்பொருள் கல்லீரலுக்குத் தகவல் கொண்டுபோகும். உடனே கல்லீரல் சி.ஆர்.பி.யைத் தயாரிக்கத் தொடங்கும். பெரிய ஆபரேஷன் என்றால் எல்லோருக்குமே ஏறும், இரண்டு மூன்று நாளில் உச்சத்தைத் தொடும். சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் இருப்பது பாதியாகிவிடும் என்பதால், புதிதாகத் தூண்டுதல் இல்லையென்றால், அடுப்பை அணைத்ததும் பொங்கிய பால் அடங்குவது போல அளவு இறங்கிவிடும். நான்காம் நாளும் இறங்கவில்லையா? உள்ளே ஏதோ இன்னும் தூண்டிக்கொண்டிருக்கிறது.

பெருங்குடல் ஆபரேஷன் ஆனவர்களைப் பற்றிய பல ஆய்வுகளை 2014-ல் சேர்த்துப் பார்த்தார்கள். லிட்டருக்கு மூன்றாம் நாள் 172 மில்லிகிராம், நான்காம் நாள் 124, ஐந்தாம் நாள் 144 என்று எல்லை வகுத்தார்கள். இதற்குக் கீழே இருந்தவர்களில் சுமார் 97 சதவீதம் பேருக்குக் கசிவு இல்லை. மேலே போனவர்களிலோ நான்கில் ஒருவருக்கும் குறைவாகத்தான் கசிவு இருந்தது. நுரையீரல் தொற்று, சிறுநீர்த் தொற்று போன்றவையும் இந்த எண்ணை ஏற்றிவிடும். அதனால் குறைவாக இருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பலாம். கூடுதலாக இருந்தால் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், இதன் பெரிய உபகாரம் அந்த நிம்மதிதான்.

ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது அலகைக் கவனியுங்கள். சில லேப்கள் லிட்டருக்கு என்று போடும், சில டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிக்கு. முதலாவதில் 150 என்று இருப்பது இரண்டாவதில் 15 ஆகிவிடும். நாட்களை எண்ணும்போது ஆபரேஷன் செய்த நாள் பூஜ்ஜியம்.

யாருக்குத் தொற்று வரலாம் என்ற கணிப்பு ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கட்டுப்படாத சர்க்கரை, புகைப்பழக்கம், உடல் இளைப்பு, டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழான ஆல்புமின் (ரத்தத்தில் உள்ள ஒரு புரதம்) எல்லாமே ஆபத்தைக் கூட்டும். இரைப்பைப் புற்றுநோய்க்காரர்கள் மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிட முடியாமல் வருவதால் நம் ஊரில் இது முக்கியம். பீடி, சிகரெட் பழக்கத்தை டாக்டரிடம் மறைக்கும் குடும்பங்கள் உண்டு. தயவுசெய்து மறைக்காதீர்கள், கணக்கே தப்பாகிவிடும். இப்போது இவற்றையெல்லாம் சேர்த்துக் கணிக்கும் கணினி முறைகளும் வருகின்றன. வேறு நாட்டு நோயாளிகளை வைத்து உருவாக்கியதை நம் நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது.

அப்புறம், மேல்தோல் தையலில் வரும் தொற்று வேறு ரகம். அது டிஸ்சார்ஜ் ஆன பிறகும் வரும். ஆபரேஷன் ஆகி 30 நாள் வரை அதையும் ஆபரேஷன் தொற்றாகவே கணக்கில் எடுப்பார்கள். தையலைச் சுற்றிச் சிவந்தாலோ, சூடாக வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ அடுத்த செக்கப் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே போய்க் காட்டிவிடுங்கள்.