லிங்கர்: தொடுப்பியா, இணைப்பியா?

உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பியைப் (கம்பைலர்) பற்றிச் சொல்லும்போது லிங்கரையும் தொட்டுச் செல்வார்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் திருகோணமலையில் ஒரு பிள்ளை, துறைமுகத்துக் கடல்மட்டத்தைக் கணிக்க சி மொழியில் ஒரு நூலகம் (வேறு நிரல்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) எழுதி, சின்னதாக ஒரு சோதனை நிரலையும் பைத்தனில் இருந்து கூப்பிடுவதற்கான பிணைப்பையும் லினக்ஸில் உருவாக்கப் போனால், வழிமறிப்பது பெரும்பாலும் இந்த லிங்கர்தான். திரை நிறைய ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்று கொட்டும்.

தொகுப்பி ஒவ்வொரு கோப்பையும் தனியாகத்தான் பார்க்கும். வேறொரு கோப்பில் உள்ள செயற்கூற்றை (ஃபங்ஷன்) இங்கே கூப்பிட்டிருந்தால், அதன் பெயரைக் குறித்து வைத்துவிட்டு முகவரிக்கான இடத்தை வெறுமையாக விட்டுவிடும். எல்லாக் கோப்புகளையும் நூலகங்களையும் ஒன்றாக வைத்து அந்த வெற்றிடங்களை நிரப்புவது லிங்கரின் வேலை. கேட்ட பெயர் எங்கேயும் கிடைக்கவில்லை என்றால் மேலே சொன்ன பிழை வரும்.

ஆங்கிலத்தில் ‘லிங்க்’ என்பது முதலில் சங்கிலியின் ஒரு வளையம். பழைய ஸ்கண்டினேவிய வழியாக வந்த சொல் அது. தமிழில் நாம் கண்ணி என்போம். நாடாவில் உள்ள துணைநிரல்களைப் பொறுக்கி எடுத்து முதன்மை நிரலோடு சேர்த்து ஏற்றுவதைப் பற்றி எனியாக் கணினியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் மோக்லி 1947இலேயே எழுதியிருக்கிறார். யுனிக்ஸின் 1971ஆம் ஆண்டுக் கையேட்டில் ‘எல்டி’ என்ற கட்டளைக்கு ‘லிங்க் எடிட்டர்’ என்று விளக்கம் உண்டு. லினக்ஸில் இன்றைக்கும் அதே இரண்டெழுத்துப் பெயர்தான்.

சரி, தமிழில்? தொடுப்பி, இணைப்பி என்று இரண்டு சொற்கள் முன்னால் நிற்கின்றன. தொடுப்பிக்கு வலுவான ஒரு நியாயம் இருக்கிறது. கோணேசருக்கு மாலை தொடுப்பவருக்கு எந்தப் பூவுக்குப் பிறகு எந்தப் பூ என்பது முக்கியம்; லிங்கருக்கும் வரிசை முக்கியம். கட்டளை வரியை அது இடமிருந்து வலமாக வாசிக்கிறது. நிலையான நூலகம் (நிரலுக்குள்ளேயே சேர்ந்துவிடும் வகை) ஒன்றை எட்டும்போது, அதுவரை நிரம்பாமல் இருக்கும் பெயர்களுக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். நூலகத்தை முன்னாலும் அதைக் கேட்கும் கோப்பைப் பின்னாலும் எழுதினால், நூலகம் வட்டில் இருந்தும் ‘இல்லை’ என்றே பதில் வரும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் பகிர்வு நூலகங்களுக்கும் (நிரலுக்கு வெளியே தனிக் கோப்பாக நிற்பவை) கிட்டத்தட்ட இதே கதிதான். நூலகத்தை வரியின் கடைசிக்குத் தள்ளினால் பிழை போய்விடும்.

ஆனாலும் நான் இணைப்பியைத்தான் எடுப்பேன். தொடுப்பு என்ற சொல் ஏற்கனவே இணையப் பக்கங்களின் லிங்க்குக்குப் போய்விட்டது. பேச்சில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. வகுப்பில் சொன்னால் பின்வரிசை சிரிக்கும்.

இணைப்பிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சொற்கள் வேண்டும். ‘பைண்டிங்’ என்பது பிணைப்பு: சி நூலகத்துக்கும் பைத்தன், லுவா, ரூபி போன்ற மொழிக்கும் நடுவில் நிற்கும் நிரல். ‘லோடர்’ என்பது ஏற்றி: நிரல் ஓடத் தொடங்கும்போது பகிர்வு நூலகங்களை நினைவகத்துக்குக் கொண்டுவருவது. ஆங்கிலத்தில் இதையும் ‘டைனமிக் லிங்கர்’ என்றே அழைக்கிறார்கள். குழப்பம் தொடங்குவது அங்கேதான்.

பிணைப்பு ஒரு பகிர்வு நூலகமாகத்தான் உருவாகிறது. லினக்ஸில் பகிர்வு நூலகத்தை ஆக்கும்போது நிரம்பாத பெயர்கள் இருந்தாலும் இணைப்பி வழக்கமாக வாய் திறக்காது. பைத்தனின் சொந்தப் பெயர்களை ஓடும் நேரத்தில் பைத்தனே கொடுக்கும் என்பதால் அந்தத் தாராளம் தேவைப்படுகிறது. அதே தாராளத்தில் உங்கள் கடல்மட்ட நூலகத்தைச் சேர்க்க மறந்ததும் மறைந்துபோகும். பிறகு ‘இம்போர்ட்’ செய்யும்போது ‘அன்டிஃபைன்ட் சிம்பல்’ என்று வரும். அதைச் சொல்வது ஏற்றி. பிழை நடந்ததோ இணைப்பில். ‘என்எம்’ கட்டளையால் பெயர்களைப் பட்டியலிட்டால், நிரம்பாதவற்றின் பக்கத்தில் ‘யு’ என்ற எழுத்து நிற்கும். பெயர் முறுக்கிப் பிழிந்ததுபோல நீளமாக இருந்தால் அது சி பிளஸ் பிளஸ் தொகுப்பி மாற்றிய பெயர். சி தலைப்புக் கோப்பை (செயற்கூறுகளின் பெயர்களை அறிவிக்கும் கோப்பு) ‘எக்ஸ்டேர்ன் சி’க்குள் வைத்தால் சரியாகும்.

தலைப்புக் கோப்பே கிடைக்கவில்லை என்ற செய்தி இணைப்பியுடையது அல்ல, தொகுப்பியுடையது. ‘கேனாட் ஃபைன்ட்’ என்று நூலகப் பெயரோடு வந்தால் அது இணைப்பியின் குரல். டெபியன், உபுண்டுவில் இரண்டுக்கும் மருந்து பெரும்பாலும் ஒன்றே: ‘டெவ்’ என்று முடியும் பொதியை (பேக்கேஜ்) நிறுவுவது. சாதாரணப் பொதியில் பதிப்பெண் சேர்ந்த கோப்பு மட்டும் இருக்கும். இணைப்பி தேடுவது பதிப்பெண் இல்லாத பெயரை.

பைத்தனைச் சி நிரலுக்குள் பதிப்பது என்றால் கதை வேறு. அங்கே பைத்தன் நூலகத்தையும் இணைக்க வேண்டும். 3.8ஆம் பதிப்பில் இருந்து ‘பைத்தன்3-கொன்ஃபிக்’ கட்டளை ‘எம்பெட்’ தெரிவு இல்லாமல் அந்த நூலகத்தின் பெயரைத் தருவதில்லை.