சாரைப் பார்த்துச் சொன்னது பதில் ஆகாது

மறுபடியும் அதே கதை. காவேரிப்பட்டணம் பக்கம் ஹார்ட்வேர் கடை வைத்திருப்பவர், கரண்ட் அக்கவுண்டை முடக்கிவிட்டார்கள் என்று பதறிக்கொண்டு வந்தார். ஜிஎஸ்டி போர்ட்டலைத் திறந்தால் நோட்டீஸ், நினைவூட்டல், ஹியரிங் தேதி, ஆர்டர் எல்லாம் வரிசையாக நிற்கிறது. அவர் பக்கத்திலிருந்து ஒரு வரி பதில் இல்லை. "ஏண்ணா பதில் போடல?" என்றால், "நேர்லயே போய் சாரைப் பார்த்தேனே. பில்லெல்லாம் காட்டினேன். சரி பார்க்கலாம்னாரு" என்கிறார்.

கிருஷ்ணகிரி, தருமபுரி, பாலக்கோடு, எங்கிருந்து வருகிறவரும் இதையேதான் சொல்கிறார். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். அந்த ஜிஎஸ்டி அதிகாரி நீங்கள் சொன்னதை நல்ல மனதோடு கேட்டிருக்கலாம். ஆனால் நினைவில் இருப்பதை வைத்து அவர் ஆர்டர் போட முடியாது. கோப்பில் இருப்பதை வைத்துத்தான் போட வேண்டும். நடுவில் அவருக்கு மாறுதல் வந்துவிட்டால், அடுத்து வருகிறவருக்குத் திரையில் தெரிவது 'பதில் இல்லை' மட்டும்தான். ஆர்டரில் அப்புறம் என்ன வரும்? 'பதில் தாக்கல் செய்யவில்லை, விசாரணைக்கும் ஆஜராகவில்லை.' அப்பீலுக்குப் போனாலும் முதலில் உங்களை மடக்கப்போவது அந்த வரிதான். நீங்கள் அலுவலகப் படியேறியதற்கும் டீ குடித்துப் பேசியதற்கும் எந்தச் சாட்சியும் இல்லை.

இவர் விஷயத்தில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கேஸ் அவர் பக்கம்தான் இருந்தது. 2018-19க்கு எடுத்த உள்ளீட்டு வரி (சரக்கு வாங்கும்போது கொடுத்து, தன் வரியில் கழித்துக்கொண்டது) 2ஏ-வில், அதாவது சப்ளையர்கள் காட்டிய கணக்கிலிருந்து போர்ட்டலில் வரும் பட்டியலில், தெரியவில்லை என்று நோட்டீஸ். சரக்கு கொடுத்த ஓசூர் வியாபாரி இவருடைய ஜிஎஸ்டி எண்ணைப் போடாமல், சில்லறை விற்பனையோடு சேர்த்துக் கணக்குக் காட்டிவிட்டார். இதே நிலைமைக்காகத்தான் 2022 டிசம்பரில் 183-ஆம் எண் சுற்றறிக்கை வந்தது. 2017-18, 2018-19 ஆண்டுகளுக்கு, ஒரு சப்ளையரிடம் வித்தியாசம் 5 லட்சத்துக்குள் இருந்தால் அந்த சப்ளையரே ஒரு சான்று கொடுத்தால் போதும். அதற்கு மேல் போனால் ஆடிட்டர் சான்று. அந்த ஒரு தாளை பில், பேங்க் ஸ்டேட்மென்டோடு ஏற்றியிருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

சட்டம் உங்களுக்கு நிறையவே கொடுத்திருக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 75(4)-இன்படி, எழுதிக் கேட்டால் நேர்முக விசாரணை தர வேண்டும். உங்களுக்குப் பாதகமாக ஆர்டர் போட நினைத்தால் நீங்கள் கேட்காவிட்டாலும் தர வேண்டும். டிஆர்சி-06 பதில் படிவத்திலேயே 'நேர்முக விசாரணை வேண்டுமா' என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதில் 'இல்லை' என்று அழுத்திவிட்டு வருகிறவர்களை என்ன சொல்வது! தயவுசெய்து 'ஆம்' போடுங்கள். நாள் ஒத்துவராவிட்டால் தகுந்த காரணம் காட்டி வாய்தா கேட்கலாம், அதிகபட்சம் மூன்று முறை. மாங்காய் சீசனில் மண்டியை விட்டு நகர முடியாது என்றால் அதையும் எழுத்தில் போடுங்கள். "சீசன் முடியட்டும், போய்ப் பார்த்துக்கலாம்" என்று சும்மா இருப்பது வாய்தா இல்லை.

நோட்டீஸில் கேட்ட தொகைக்கு மேல் ஆர்டரில் போடக்கூடாது, நோட்டீஸில் இல்லாத காரணத்தையும் புதிதாகக் கொண்டுவரக்கூடாது. இது 75(7). ஆர்டர் வந்ததும் நான் முதலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதைத்தான் பார்ப்பேன். ஆர்டரில் காரணமும் எழுதியிருக்க வேண்டும். விரிவாகப் பதில் போட்டும் 'ஏற்கத்தக்கதல்ல' என்று ஒற்றை வார்த்தையில் முடித்திருந்தால், அப்பீலில் உங்களுக்கு அது நல்ல பிடி.

"தபால்ல எதுவும் வரலியே" என்பது அடுத்த புகார். பிரிவு 169 நோட்டீஸை உங்களிடம் சேர்ப்பிக்கும் வழிகளில் போர்ட்டலையும் ஒன்றாகச் சொல்கிறது. தபால் வரவில்லை என்பதை நம்பி வாதாட வேண்டிய நிலைமைக்கே போகாதீர்கள். போர்ட்டலில் 'கூடுதல் நோட்டீஸ்கள், ஆர்டர்கள்' என்று தனிப் பக்கம் இருக்கிறது, அதையும் திறந்து பாருங்கள். வேலையை விட்டுப் போன கணக்குப்பிள்ளையின் செல் நம்பரும் மெயிலும்தான் பாதிப் பேருக்கு இன்னும் பதிவில் இருக்கிறது. இன்றே மாற்றுங்கள். ரிஜிஸ்ட்ரேஷன் ரத்தான பின்னும் பழைய வருடத்துக்கு நோட்டீஸ் வரும், கடையை மூடியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆர்டர் வந்துவிட்டதா? அப்பீலுக்கு மூன்று மாதம். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் ஒரு மாதம், அதோடு சரி. ஒப்புக்கொள்கிற தொகையை முழுதாகவும், தகராறில் உள்ள வரியில் 10 சதவீதத்தையும் கட்டினால், மீதித் தொகை வசூல் அப்பீல் முடியும்வரை நின்றுவிடும். பேங்க் கணக்கு முடங்கவும் வேண்டாம். சிலர் அப்பீலை விட்டுவிட்டுத் திருத்த மனு போட்டுக் காத்திருக்கிறார்கள். வெளிப்படையாகத் தெரியும் பிழைக்குத்தான் அது. மனு தள்ளுபடியாகும்போது அப்பீல் கெடு தாண்டியிருக்கும்.

நாலு மாதமும் போனால் சென்னை உயர்நீதிமன்றத்தில் ரிட் ஒன்றுதான் மிச்சம். ஒரு பகுதி வரியைக் கட்டச் சொல்லி மறுவிசாரணைக்கு அனுப்பிய வழக்குகள் உண்டு. ஆனால் அது நீதிமன்றத்தின் விருப்பம், செலவும் உங்களுடையது. ஆர்டர் தேதியைப் பார்த்து எண்ணுங்கள். நாலாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தால் அமாவாசை, ராகு காலம் எல்லாம் பார்க்காமல் தாள்களோடு இன்றைக்கே யாராவது ஒரு ஆடிட்டரிடம் போங்கள்.