இனப்பாகுபாட்டுச் சட்டத்தில் காலக்கெடு யாருக்கு?

தீர்ப்பு வாங்குவதைவிட அதை நிறைவேற்ற வைப்பது கடினம் என்பதை, நிறைவேற்று மனுக்களோடு நெடுங்காலம் நீதிமன்றப் படியேறிய வழக்கறிஞன் என்ற முறையில் நான் அறிவேன். அதனால் அமெரிக்க இனப்பாகுபாட்டு வழக்குகளைப் படிக்கும்போதும், யார் எதை எந்த நாளுக்குள் செய்ய வேண்டும் என்ற வரியையே முதலில் தேடுகிறேன்.

1954 மே 17 அன்று பிரௌன் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பொதுப்பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளைப் பிரித்து வைப்பது அரசமைப்புக்கு முரணானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அதை நடைமுறைப்படுத்த 1955இல் பிறப்பித்த ஆணையில் நாள் எதையும் குறிக்கவில்லை. தென் மாநிலங்கள் அந்த இடைவெளியைத் தயக்கமின்றிப் பயன்படுத்திக்கொண்டன. பிரௌன் வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட வழக்குகளுள் ஒன்று புறப்பட்ட இடமான விர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), 1959இல் தன் பொதுப்பள்ளிகள் அனைத்தையும் மூடியது. வெள்ளையினக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளி அமைந்தது, கறுப்பினக் குழந்தைகள் பலருக்கு நான்கு ஆண்டுகள் முறையான கல்வியே இல்லாமல் போயிற்று. 1964இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்ட பிறகே அப்பள்ளிகள் திறந்தன. வென்ற வழக்கின் பலன், வழக்குத் தொடுத்த ஊரின் பிள்ளைகளுக்கே கிடைக்காமல் போனதை என்னால் எளிதில் கடந்து செல்ல முடியவில்லை.

அதே ஆண்டு ஜூலையில் வந்த குடிமை உரிமைகள் சட்டம் (Civil Rights Act), பாகுபாடு காட்டும் நிறுவனங்களுக்கு மத்திய அரசின் நிதியை நிறுத்தவும், பெற்றோர் தனியாகப் போராட இயலாதபோது அரசே வழக்குத் தொடுக்கவும் வழி செய்தது. நிதி போய்விடும் என்ற நிலை வந்ததும், பத்தாண்டுகளாக அசையாத பள்ளி நிர்வாகங்கள் அசையத் தொடங்கின.

இச்சட்டத்தின் ‘ஏழாம் தலைப்பு’ (Title VII) எனப்படும் பகுதி வேலையிடப் பாகுபாட்டைத் தடுக்கிறது. அங்கே பணிபுரியும் நம்மவர்களுக்கும் அது பொருந்தும். அரசுக்கு நாள் குறிக்கத் தயங்கிய அதே நாட்டில், பாதிக்கப்பட்டவருக்குக் கெடு கறாரானது. சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் 180 நாட்களுக்குள், மாநில அளவில் அத்தகைய அமைப்பு உள்ள இடங்களில் பொதுவாக 300 நாட்களுக்குள், புகார் அளிக்க வேண்டும். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் புகார் கொடுத்துவிட்டோம் என்று பலர் காத்திருக்கிறார்கள். அந்த உள்விசாரணை நடப்பதால் கெடு நிற்பதில்லை. புகார் அளித்தவரே வழக்குத் தொடரலாம் என்ற உரிமைக் கடிதத்தை ஆணையம் கொடுத்தால், அது கிடைத்த 90 நாட்களுக்குள் நீதிமன்றம் சென்றாக வேண்டும். ஆகவே நிறுவனத்தின் பதில் வருவதற்கு முன்பே அங்குள்ள வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.