புளூடூத் சேரவில்லையா? செட்டைக் கழற்றும் முன் இதைப் படியுங்கள்

போன சனிக்கிழமை கடை சாத்துகிற நேரத்தில் ஒரு பெரியவர் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். புதுப் போன் வாங்கியிருக்கிறார், காரோடு வந்த கம்பெனி மியூசிக் செட்டில் அது சேரவே இல்லை என்று ஒரு கடைக்குப் போயிருக்கிறார். புளூடூத் போர்டு போய்விட்டது என்று சொல்லி 18,000 ரூபாய்க்குப் புதுச் செட் மாட்டி அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் ஓடியது. அப்புறம் போனில் ஒரு அப்டேட் வந்தது, மறுநாள் காலையில் புதுச் செட்டிலும் அதே கோளாறு. நல்லவேளையாக, பழைய செட்டை வீசாமல் துணி சுற்றி டிக்கியில் வைத்திருந்தார். அதை என் மேசையில் 12 வோல்ட் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் செட் ஐந்து போன்களைத்தான் நினைவில் வைக்கும், ஐந்து இடமும் நிரம்பிக் கிடந்தன, ஆறாவதாக வந்த புதுப் போனுக்கு இடமில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு அவர் போனைச் சேர்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. செலவழித்தது பென்ஷன் பணம்.

கோவையில் கார் செட் மாட்டுகிற வேலையில் எனக்கு இது பத்தொன்பதாவது வருடம். இந்த மாதத்தில் மட்டும் இப்படி வந்த நான்காவது ஆள் இவர். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எல்லோரும் சொல்கிற ஒரே வாக்கியம்: "போன்ல டெலீட் பண்ணிட்டு மறுபடி போட்டுப் பாத்துட்டேன் சார், வரலை." போனில் மட்டும்தான் அழித்திருப்பார்கள். செட்டில் அழித்தீர்களா என்று கேட்டால், அதிலும் அழிக்க வேண்டுமா என்று திருப்பிக் கேட்பார்கள். ஆமாம், அதிலும் அழிக்க வேண்டும். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன், இரண்டு பக்கமும் அழிக்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். முதல் தடவை சேர்க்கும்போது போனும் செட்டும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கி ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்கின்றன. திரையில் இரண்டிலும் வருகிற ஆறு இலக்க எண் அந்தச் சாவி இல்லை, இரண்டும் ஒன்றையொன்றுதான் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று நீங்கள் சரிபார்ப்பதற்கான எண், அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து எண் கேட்காமலே சேருவது அந்தச் சாவியால்தான். நீங்கள் போனில் மட்டும் அழித்தால் செட்டிடம் பழைய சாவி அப்படியே இருக்கும். பூட்டை மாற்றிவிட்டுப் பழைய சாவியைப் போட்டுத் திருகுவது மாதிரி. புதிய செட்டுகள் சில இதைச் சமாளித்துப் புதுச் சாவி வாங்கிக்கொள்ளும். பழைய செட்டுகள் பல அடம் பிடிக்கும், "சேர முடியவில்லை" என்று போட்டுவிட்டு நிற்கும். போன் அப்டேட்டுக்குப் பிறகு வருகிற தகராறிலும் பாதிக்கு மேல் இதே வைத்தியத்தில் சரியாகிவிடுகிறது. பெரியவரின் புதுச் செட்டில் நடந்தது இதுதான்: அப்டேட்டுக்குப் பிறகு அவர் போனில் நான்கு தடவை அழித்திருக்கிறார், செட்டில் ஒரு தடவைகூட இல்லை.

சரி, எப்படிச் செய்வது? ஆண்ட்ராய்டு போனில் புளூடூத் பக்கத்தில் கார் பெயருக்கு அருகே ஒரு பல்சக்கரம் இருக்கும், அதைத் தொட்டு 'ஃபர்கெட்' அல்லது 'அன்பேர்' கொடுங்கள். ஐபோனில் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஐ' இருக்கும், உள்ளே 'ஃபர்கெட் திஸ் டிவைஸ்'. அடுத்தது செட்டில், போன்களின் பட்டியலுக்குப் போய் உங்கள் பெயரையும், யாருடையது என்றே தெரியாத பழைய பெயர்களையும் நீக்குங்கள். பிறகு போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். காரில் சாவியை எடுத்து, கதவைத் திறந்து மூடி, இரண்டு நிமிடம் விடுங்கள். சாவியை எடுத்தாலும் கதவைத் திறக்கும்வரை செட் ஓடிக்கொண்டிருக்கிற கார்கள் நிறைய இருக்கின்றன, அதனால்தான் கதவைச் சொல்கிறேன். அப்புறம் புதிதாகச் சேருங்கள், தொடர்பு எண்களுக்கு அனுமதி கேட்கும்போது யோசித்துக் கொடுங்கள். 'வேண்டாம்' கொடுத்தால் அழைப்பு வரும்போது பெயர் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும், அது பழுது இல்லை.

ஐபோன்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ட்ரோல் சென்டரில் புளூடூத் படத்தைத் தட்டினால் அது முழுதாக அணையாது, சேர்ந்திருப்பதை மறுநாள்வரை கழற்றிவிடும், அவ்வளவே. உண்மையாகவே அணைக்க வேண்டுமானால் செட்டிங்ஸுக்குள் போக வேண்டும்.

போனில் வைஃபை, புளூடூத் செட்டிங்ஸை ஒரேயடியாக அழிக்கிற நெட்வொர்க் ரீசெட்டைக் கடைசி கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ பார்த்து முதல் வேலையாக அதைச் செய்துவிட்டு, வீட்டு வைஃபை, அலுவலக வைஃபை பாஸ்வேர்டெல்லாம் போய்விட்டது என்று எனக்கே போன் செய்கிறார்கள்.

அடுத்த புகார்: பேச முடிகிறது, பாட்டு மட்டும் வரவில்லை. புளூடூத்தில் பேச்சுக்கு ஒரு வழி, பாட்டுக்கு வேறு வழி. ஒன்று திறந்து மற்றது மூடியிருக்கலாம். ஆண்ட்ராய்டில் அதே பல்சக்கரத்துக்குள் அழைப்புக்கும் மீடியாவுக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கிறது, மீடியா அணைந்திருந்தால் போடுங்கள். பழைய கம்பெனி செட்டுகள் சிலவற்றில் பேச்சு வழி மட்டும்தான் வைத்திருந்தார்கள், அதில் என்ன செய்தாலும் பாட்டு வராது, அதற்கு என்னிடம் வரவும் வேண்டாம், போனை நேராகச் செட்டில் செருகுகிற ஆக்ஸ் ஒயர் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

காருக்குள் ஏறிய உடனே செட் யாருடைய போனைப் பிடிக்கிறது என்றும் பாருங்கள். பெரும்பாலான செட்டுகள் கடைசியாகச் சேர்ந்திருந்த போனைத்தான் முதலில் தேடும். மனைவியின் போன் கைப்பையில் இருக்கும், அதைப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் உங்கள் போனை வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள். டிராவல்ஸ் வண்டிகளில் இது தினசரித் தொல்லை, மாறி மாறி ஓட்டுகிற டிரைவர்கள் எல்லோருடைய போனும் உள்ளே கிடக்கும்.

உண்மையாகவே ஒயரிங் கோளாறாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவை சாவியை எடுத்துப் போடும்போதும் செட் உங்கள் போனை மறந்துவிடுகிறதா? செட்டில் கடிகாரம் பாருங்கள், ரேடியோ ஸ்டேஷன் பாருங்கள். அவையும் அழிந்திருந்தால் புளூடூத்தைத் தொடவே வேண்டாம். வெளியில் வாங்கி மாட்டுகிற செட்டுகளில் மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து எப்போதும் கரன்ட் வாங்க வேண்டியது, சிவப்பு சாவி போட்டால் மட்டும் வாங்க வேண்டியது. மாட்டுகிறவர் இரண்டையும் முறுக்கி ஒன்றாகச் சாவி லைனில் கொடுத்திருப்பார், நினைவுக்குக் கரன்ட் இல்லாமல் போகும். இதற்குச் செட்டின் பின்னால் ஒயர்கள் செருகியிருக்கிற கப்ளரைக் கழற்றி ஒரு ஒயரை மாற்றினால் போதும். இதற்குப் புதுச் செட் வாங்கச் சொல்கிற கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மாட்டும்போதே எங்கள் தொழில்காரர்கள் கப்ளர் போட்டு ஒழுங்காகச் செய்தால் இந்தத் தொல்லையே வராது, முறுக்கி டேப் சுற்றுகிற பழக்கத்தை என் கடையில் நான் அனுமதிப்பதில்லை.

பாட்டு விட்டு விட்டு வருகிறதென்றால் டேஷ் கேமராவையும் மலிவு சார்ஜரையும் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். புளூடூத் ஓடுவது வைஃபையின் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், கேமராவின் வைஃபையும் சார்ஜரின் இரைச்சலும் அதில் குறுக்கிடலாம். போனைப் பின் பாக்கெட்டில் போட்டு அதன் மேலேயே உட்காருவதும் ஒரு காரணம்தான், உடம்பு அந்த அலையை உறிஞ்சும்.

இதையெல்லாம் வண்டி ஓடும்போது செய்யாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். நிறைய செட்டுகள் ஓடும்போது சேர்க்கவே விடாது, ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்க்கும். செட்டை ஏமாற்ற அந்த ஹேண்ட்பிரேக் ஒயரை எர்த்தில் கொடுத்துவிடுங்கள் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் செய்து தருவதில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 184-ம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகவே வருகிறது. அபராதத்தை விடுங்கள், போன் சேர்க்கிற திரையைப் பார்த்தபடி முன்னால் போன லாரியில் மோதிய வண்டிக்கு நானே டேஷ்போர்டு ஒயரிங் திரும்பப் போட்டிருக்கிறேன். உள்ளே இருந்த குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

காரை விற்கிறவர்களும் கேளுங்கள். செட் உங்கள் தொடர்பு எண்களை உள்ளே இறக்கி வைத்திருக்கும். இரண்டாம் கையாக வாங்கிய வண்டி ஒன்றில் முந்தைய சொந்தக்காரரின் மகள் தங்கியிருந்த விடுதி எண்வரை திரையில் நின்றது. வாங்கியவரிடம் கேட்டுக்கொண்டு நானே அழித்தேன். ஆர்சி கைமாறுவதற்கு முன்னாலேயே செட்டில் ஃபேக்டரி ரீசெட் கொடுத்துவிடுங்கள், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போதும் உங்கள் போனை நீக்கிவிட்டே கொடுங்கள்.

பெரியவர் புதன்கிழமை திரும்ப வருகிறார். புதுச் செட்டில் ஸ்டீயரிங் பட்டன் வேலை செய்யவில்லை, பழையதையே மாட்டிவிடச் சொல்லியிருக்கிறார். வரும்போது மருமகனையும் போனோடு கூட்டிவரச் சொன்னேன். பழைய செட்டில் எல்லாவற்றையும் நான் அழித்துவிட்டேன், மருமகன் போனில் இன்னும் அழிக்கவில்லை.